தலைக்கட்டு வரியில் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு

கொடைக்குப் பெயர் பெற்ற ஊர் திருப்பனந்தாள். காசித் திருமடத்தின் அறக்கட்டளைகளும் செந்தமிழ்க் கல்லூரியும் தமிழறிந்தோர் அனைவருக்கும் தெரியும். நிலம் இருந்தவர்கள் அறக்கட்டளை எழுதி வைத்தார்கள். டெல்டாவின் வயல்களில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, கதிர் அறுத்த நம் மக்களிடம் எழுதி வைக்க நிலம் இருந்ததில்லை. ஆனால் கொடுக்கும் பழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் தலைக்கட்டு வரி போடுகிறோம். ஏப்ரல் 14 வந்தால் அம்பேத்கர் பிறந்த நாளுக்கு வீடு வீடாக வசூலிக்கிறோம். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளும் தங்கள் பங்கை அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பணத்தில் பெரும்பகுதி பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பேனருக்கும் போகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை மாலையில் எங்கே உட்கார்ந்து படிப்பது, பிளஸ் 2 முடித்த பெண் அடுத்த வழியை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்குப் பல தெருக்களில் ஒரு ரூபாய்கூட ஒதுக்குவதில்லை.

முன்னோர் காட்டிய வழி

அணைக்கரையில் கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம் தூரமில்லை. அங்கே ஓமக்குளத்தில் இன்றும் நிற்கும் நந்தனார் பள்ளி, 1916-ல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய கல்விப் பணியில் வளர்ந்தது. பலரிடம் நன்கொடை திரட்டித்தான் பள்ளியையும் விடுதியையும் அவர் நடத்தினார்.

அண்ணல் அம்பேத்கர் 1924-ல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கப்பட்டது. விடுதிப் பிள்ளைகள் ஒரு மாத இதழ் நடத்தினார்கள். பம்பாயில் இலவசப் படிப்பகமும், இளைஞர்களுக்கு ஹாக்கி குழுவும் அமைந்தன. ஹாக்கி எதற்கு? மாலை நேரம் சூதாட்டத்துக்கும் குடிக்கும் போய்விடக் கூடாது என்பதற்காக. பள்ளிக்கு வெளியே இருக்கும் நேரமும் கல்விதான் என்பதை அண்ணல் அன்றே உணர்ந்திருந்தார்.

சாவி யார் கையில்?

நம் தெருக்களில் படிப்பகமும் இரவுப் பாடசாலையும் தொடங்கப்படாமல் இல்லை. தொடங்கியவர் வெளியூர் வேலைக்குப் போனதும் பூட்டு விழுந்துவிடுகிறது. இதற்குப் பணமின்மை மட்டும் காரணமல்ல. பணம் பெரியவர்களிடம், முடிவும் பெரியவர்களிடம். நாற்காலி போடவும் கொடி கட்டவும் மட்டுமே இளைஞர்களை அழைக்கிறோம்.

100 தலைக்கட்டு உள்ள ஒரு தெருவில் வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் சேரும். நாளிதழ், மின்கட்டணம், குரூப் 4, காவலர் தேர்வுப் புத்தகங்கள், ஒரு கைப்பந்து வலை ஆகியவற்றோடு தொடங்க இது போதும். அந்தப் பணத்தையும் படிப்பகச் சாவியையும் இளைஞர்களிடமே கொடுக்க வேண்டும். செயலாளர், பொருளாளர் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இருட்டிய பின் பெண் பிள்ளைகள் வர முடியாதென்றால் மாலை 5 மணிக்கே திறப்போம். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, மாதம் ஒருமுறை தெருக் கூட்டத்தில் கணக்கு வாசிப்பு, ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்பு மாற்றம். பெரியவர்கள் கேள்வி கேட்கலாம், பிடுங்கிக்கொள்ளக் கூடாது. 7 பேர் சேர்ந்தால் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகவே பதிவு செய்யலாம்.

திருவிடைமருதூர் தனித் தொகுதி. சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் தலைவர் பதவி சுழற்சியில் நமக்கு ஒதுக்கப்படுகிறது. சட்டம் நாற்காலியைத் தருகிறது. அதில் உட்காருபவர் இன்னொருவர் சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடுபவராக இருந்தால் ஒதுக்கீடு யாருக்குப் பயன்? தெருவின் 24,000 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லிப் பழகிய பெண், கிராம சபையில் எழுந்து நின்று ஊராட்சியின் வரவு செலவைக் கேட்பாள். நாளை அவளே அந்த நாற்காலியில் அமர்ந்தாலும் கணக்கு அவள் கையில்தான் இருக்கும்.

அடுத்த திருவிழாவுக்கு வரி போடக் கூடும்போது, பந்தல் செலவுக்கு முன்னால் இதைப் பேசி முடிப்போம்.