கொதிக்கும் கியர்பாக்ஸ்

இன்ஜின் முள் நடுவில் நிற்கிறது. கியர் ஆயில் எத்தனை டிகிரி? பல கார்களில் பதிலே இல்லை

கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது புத் ரேஸ் மைதானம். 2011-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காகத் திறக்கப்பட்ட 5.125 கி.மீ. ஓடுபாதை. சொந்த காரின் முழு வேகத்தைப் பார்த்துவிடத் துடிப்பவர்களுக்கும் இங்கு இடம் கிடைப்பதுண்டு. அப்படி வரும் பணக்கார கார்கள் பலவற்றில் இன்று கிளட்ச் பெடல் கிடையாது. எல்லாம் ஆட்டோமேடிக். மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது சில சுற்றுகள் விரட்டினால், இன்ஜின் முள் அசையாமல் நிற்கும்போதே கியர்பாக்ஸ் ஆயில் வெந்துகொண்டிருக்கலாம்.

காரணம் டார்க் கன்வர்ட்டர். ஆயில் நிரம்பிய கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள். ஒன்றை இன்ஜின் சுற்றுகிறது. அது வாரியடிக்கும் ஆயில் மற்றதைச் சுழற்றுகிறது. இரண்டின் வேகத்திலும் உள்ள வித்தியாசம் சூடாக மாறுகிறது. கார் வேகம் பிடித்ததும் இரண்டையும் பிணைத்துப் பூட்ட ஒரு 'லாக்-அப்' கிளட்ச் உண்டு. பூட்டினால் சூடு தணியும். ஆனால் சடாரென்று பிரேக், உடனே ஆக்ஸிலரேட்டர் என்று ஓட்டினால் பூட்டு நிலைப்பதில்லை. இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்துச் சீறிப் புறப்படுவது இன்னும் மோசம். கார் நிற்கிறது, இன்ஜின் உறுமுகிறது, அந்தச் சக்தி நேராக ஆயிலில் சூடாக இறங்குகிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்டுவது இதற்குத்தான்.

80 முதல் 95 டிகிரி வரை ஆயிலுக்குச் சௌகரியம். அதைத் தாண்டினால் சுமார் 10 டிகிரிக்கு ஒரு முறை ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. 115-க்கு மேல் உள்ளே வார்னிஷ் போலப் படியும். 130-ஐ நெருங்கினால் ரப்பர் சீல்கள் இறுகும். 145-ல் கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகும். இன்றைய சிந்தெட்டிக் ஆயில்கள் கூடுதல் சூட்டைத் தாங்கும்தான். சீல்கள் தாங்க வேண்டுமே? பழுதானால் செலவு லட்சங்களில்.

பெரிய கூலர் மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பாதிதான் சரி. ஆயில் தேவைக்கு மேல் குளிர்ந்தால் கெட்டிப்படும், கியர் இழுத்து மாறும், லாக்-அப் தாமதமாகும். டிசம்பர் மாத டெல்லியில் இது கற்பனையல்ல. எனவே ஆயில் சூடான பிறகே கூலருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் அவசியம். அதற்கும் முன்னால், சூட்டை அளக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனை பிளக்கில் சிறு கருவியைச் செருகினால் பல கார்களில் செல்போனிலேயே அளவு தெரியும். 120-ஐ நெருங்கினால் வேகத்தைக் குறைத்து, மேல் கியரில் ஒரு சுற்று நிதானமாக ஓட்டுவது நல்லது. சட்டென்று நிறுத்தி இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும்.

ஆயில் அளவிலும் இதே சூட்சுமம். சூட்டில் ஆயில் விரியும் என்பதால் எந்தச் சூட்டில் பார்ப்பது என்று விதி இருக்கிறது. அளவு மிஞ்சினால் நுரைக்கும். நுரை கிளட்ச்சுகளை இறுக்கிப் பிடிக்காது.

'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத ஆயில்' என்று சில கார் கம்பெனிகள் சொல்வதுண்டு. பி.எம்.டபிள்யூ உள்ளிட்ட பல கார்களுக்கு எட்டு கியர் பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. கடுமையாக ஓட்டினால் அதற்கும் முன்பே.