உங்களுக்குத் தெரியுமா? தழும்பை நம்பிய ஹாரி க்ரூஸ்

● அமெரிக்கத் தென்மாநில எழுத்து என்றதும் ஃபாக்னரைச் சொல்வோம், ஃப்ளானரி ஓ'கானரைச் சொல்வோம். ஹாரி க்ரூஸ் (1935–2012) பெயர் நம் பேச்சில் வருவதே இல்லை. ஜார்ஜியா மாநிலத்தின் பேகன் கவுண்டியில், ஏழைக் குத்தகை விவசாயிக்குப் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டது அப்பாவின் சகோதரரை. குடித்துவிட்டு வீட்டைக் கலங்கடித்த அந்த மனிதரைத்தான் பெற்ற தகப்பன் என்று ஹாரி வெகுநாள் நம்பியிருந்தார்.

● ஐந்து வயதில் அவர் கால்கள் மடங்கி, குதிகால் தொடையின் பின்புறம் ஒட்டிக்கொண்டது. நடக்கவே மாட்டான் என்றார் மருத்துவர். ஊரார் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தன்னை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கும் கண்களை அந்த வயதிலேயே அவர் அறிந்துகொண்டார். வேலியைப் பிடித்துப் பிடித்து மறுபடி நடை பழகிய சிறிது காலத்தில் அடுத்த அடி. பன்றி அறுக்கும் நாளில் பிள்ளைகள் கைகோத்து விளையாடும்போது, மயிர் வழிப்பதற்காகக் காய்ச்சிய தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தார். வெளியே எடுத்தபோது புறங்கைத் தோல் நகங்களோடு கழன்று தரையில் விழுந்தது. தலை மட்டும் முங்கவில்லை, அதனால் பிழைத்தார்.

● அந்த வீட்டில் கதைப் புத்தகம் இல்லை. சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தபால் விற்பனைப் பட்டியல் இருந்தது. அதில் வரும் ஆண்களும் பெண்களும் மாசுமருவற்றவர்கள். ஹாரிக்குத் தெரிந்தவர்களோ விரல் போனவர்கள், காது கிழிந்தவர்கள், வேலி ஆணி தெறித்துக் கண் பூத்தவர்கள். பட்டியல்காரர்களை அவரால் நம்ப முடியவில்லை. அந்த நல்ல உடைக்கு அடியில் கட்டாயம் ஒரு தழும்பு இருக்கும் என்று முடிவுகட்டினார். பக்கத்தில் குடியிருந்த கறுப்பினத் தோழனோடு உட்கார்ந்து, தொப்பிக்காரக் கிழவர் இந்தப் பெண்ணுக்கு அப்பா, அந்த இளைஞனைக் கண்டால் அவருக்கு ஆகாது என்று உறவும் பகையும் இட்டுக்கட்டினார். அவருடைய கதைத்தொழில் அங்கேதான் பிறந்தது. ஊனத்தையும் குறையையும் அவர் அழகுபடுத்தவில்லை, அனுதாபத்துக்கு விற்கவுமில்லை. ஒரு முகம் உண்மையான முகம் என்பதற்கு அவர் கேட்ட அத்தாட்சி அது. அவரை நான் பெரிய எழுத்தாளர் என்பது இதற்காகத்தான்.

● புளோரிடா பல்கலைக்கழகத்தின் படைப்பிலக்கியப் பட்டமேற்படிப்பில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னாளில் 1997 வரை அங்கேயே எழுத்துக்கலை சொல்லிக்கொடுத்தார்!

● நாவல் கட்டுமானம் கற்க அவர் கண்ட வழி முரட்டு வழி. கிரஹாம் கிரீனின் 'தி எண்ட் ஆஃப் தி அஃபேர்' நாவலை எடுத்து எத்தனை பாத்திரம், எத்தனை அறை, எத்தனை நாள் என்று எண்ணினார். அதே எலும்புக்கூட்டில் தன் நாவல் ஒன்றை எழுதினார். மோசமான நாவல்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார், ஆனால் தொழில் கைவந்தது. முதல் நாவல் 'தி காஸ்பல் சிங்கர்' 1968இல் வெளியானது.

● இளமையில் சிலகாலம் ஊர் ஊராகப் போகும் கேளிக்கைக் காட்சிக் குழுவில் வேலை. தாடிக்காரப் பெண்ணும் பிளவுண்ட முகம் கொண்ட அவள் கணவரும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் இன்றிரவு சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்று பேசி, முத்தமிட்டுப் பிரிந்ததைப் பார்த்தார். அந்தக் காட்சி அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

● 'கார்' (1972) நாவலில் ஒருவன் ஃபோர்டு மேவரிக் காரைத் துண்டு துண்டாகத் தின்னத் தொடங்குகிறான். 'தி ஜிப்ஸிஸ் கர்ஸ்' (1974) நாயகன் காது கேளாத, பேச்சு வராத, கைகளாலேயே நடக்கும் உடற்பயிற்சி வீரன்.

● கிம் கோர்டன், லிடியா லஞ்ச் உள்ளிட்ட மூன்று பெண்கள் 1980களின் இறுதியில் தங்கள் ராக் இசைக்குழுவுக்கு வைத்த பெயர்: ஹாரி க்ரூஸ்.

● பட்டியல் கதை வருவது 'எ சைல்ட்ஹுட்' (1978) என்ற அவருடைய தன்வரலாற்றில். 2022இல் பெங்குயின் கிளாசிக்ஸ் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்துவிட்டது. ஆங்கிலத்தில் வாசிக்கிறவர்கள் நாவல்களுக்கு முன் இதை எடுங்கள். யாராவது தமிழுக்குக் கொண்டுவரவும் வேண்டும்.