கட்டைவிரலும் கழுத்தும்

சிலாங்கூர் மாநிலத்தின் தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டிப் பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. தீவின் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். இளம் செம்பனையில் குலையை நின்றபடியே எளிதாக வெட்டலாம். 20 ஆண்டுகளைக் கடந்த மரமோ 10 மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிடும். அங்கே குலை வெட்டுபவர், நீண்ட கம்பின் நுனியில் பொருத்திய அரிவாளைத் தூக்கிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, அண்ணாந்து பார்த்தே வேலை செய்ய வேண்டும். அடுத்த மரத்திலும் அதே நிலைதான்.

பல ஆண்டுகள் இப்படி உழைத்த ஒருவருக்குக் கட்டைவிரல் மரத்துப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் தைலம் தேய்ப்பார். சுளுக்கு என்று எண்ணி உருவிவிடச் சொல்வார். பலன் இராது. ஏனெனில், கோளாறு கையில் இல்லாமல் கழுத்தில் இருக்கக்கூடும்.

மனிதனின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான்! ஆனால், கழுத்துப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து பிரியும் நரம்புகளோ 8 இணைகள். முதல் இணை முதல் எலும்புக்கு மேலேயும், எட்டாவது இணை ஏழாவது எலும்புக்குக் கீழேயும் வெளிவருவதால் இந்த வேறுபாடு.

மேலுள்ள நான்கு நரம்புகள் ஒன்றோடொன்று பின்னி, பின்தலை, கழுத்து, தோளின் மேற்பகுதி ஆகியவற்றின் தோலுக்கு உணர்ச்சியைத் தருகின்றன. காது குத்தும்போது குழந்தை வீறிட்டு அழுகிறதே, காது மடலின் நுனியிலிருந்து அந்த வலியை எடுத்துச் செல்வதும் கழுத்திலிருந்து ஏறிவரும் ஒரு நரம்புதான்.

கீழுள்ள நான்கும், மார்புப் பகுதியின் முதல் நரம்பும் சேர்ந்து மற்றொரு பின்னலாகின்றன. இப்பின்னல் காறை எலும்புக்குப் பின்னால் நுழைந்து, அக்குள் வழியாகக் கைக்குள் இறங்குகிறது. பொதுவாக, கட்டைவிரலின் உணர்ச்சி ஆறாவது நரம்பையும், நடுவிரலின் உணர்ச்சி ஏழாவது நரம்பையும், சுண்டுவிரலின் உணர்ச்சி எட்டாவது நரம்பையும் சார்ந்தது. எந்த விரல் மரத்திருக்கிறது என்று மருத்துவர் முதலில் கேட்பது இதனால்தான். எனினும், மணிக்கட்டில் நரம்பு நெரிந்தாலும் கட்டைவிரல் மரக்கும். ஆகவே, அவர் கழுத்தைச் சாய்க்கச் சொல்வார். முழங்கையருகே சிறு சுத்தியலால் தட்டி, தசை துடிக்கிறதா என்றும் பார்ப்பார்.

நரம்பு நெரிவது எப்படி? கைக்குச் செல்லும் ஒவ்வொரு நரம்பும் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு துளை வழியாக வெளியேறுகிறது. தலையைப் பின்னால் சாய்க்கும்போது அத்துளை சுருங்கும். இளமையில் இதனால் தொல்லையில்லை. வயது ஏறும்போது எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டு தேய்ந்து தட்டையாகும். எலும்பின் ஓரத்தில் முள்போன்ற வளர்ச்சியும் தோன்றலாம். ஏற்கெனவே குறுகிய துளை, அண்ணாந்து பார்க்கையில் மேலும் குறுகுகிறது. கை மரப்பதோடு பிடியும் தளர்ந்தால், தைலத்தை நம்பிக் காலம் கடத்துவது ஆபத்து.

கழுத்து நரம்புகளுள் இன்னொன்று கைக்கும் செல்வதில்லை, காதுக்கும் செல்வதில்லை. மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்புகளிலிருந்து உருவாகி, இதயத்தின் ஓரமாக இறங்கி, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தை அடைகிறது. நாம் மூச்சை இழுக்க முதன்மையாக இயங்கும் தசை அதுவே. கருவில் உதரவிதானம் கழுத்தருகே உருவாகிப் பின்னர் கீழிறங்குகிறது. தன் நரம்பையும் உடன் இழுத்துச் செல்கிறது. அதனால்தான் இவ்வளவு நீண்ட பயணம்.

இதன் விளைவு சாலையில் தெரியும். கிள்ளான்–பந்திங் சாலையில் லாரிகளுக்கிடையே மோட்டார் சைக்கிளில் சென்று விழுந்தவரின் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். பதறியோடி வருபவர்கள் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைப்பார்கள், தலைக்கவசத்தை உருவுவார்கள். நல்லெண்ணம்தான். ஆனால், அந்த அசைவில் எலும்பு நகர்ந்து, கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடம் நசுங்கினால் உதரவிதானத்துக்கு மூளையின் கட்டளை போய்ச் சேராது, மூச்சு நின்றுவிடும். தீ போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால், அவரைக் கிடந்த நிலையிலேயே விட்டு, தலை அசையாதவாறு இருபுறமும் கைகளால் பிடித்துக்கொண்டு, 999 எண்ணை அழைக்க வேண்டும். மூச்சு விடுகிறாரா என்பதை உதவி வரும்வரை கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.