ஓரத்திலிருந்து ஒரு சதுரங்கத் தொடக்கம்

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுள் நடுவிலுள்ள நான்கு கட்டங்களே மிக முக்கியமானவை. நடுவில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களைத் தாக்கும். மூலையில் நிற்கும் குதிரையோ இரண்டை மட்டுமே தாக்கும். எனவே ராஜா அல்லது ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் முன்னேற்றி ஆட்டத்தைத் தொடங்குவது வழக்கம்.

இதற்கு மாறான தொடக்கம் ஒன்று உண்டு. வெள்ளை ஆட்டக்காரர் ராணிப் பக்கக் குதிரையின் முன்னுள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துகிறார். டென்மார்க் நாட்டு வீரர் பென்ட் லார்சன் இதை விரும்பி ஆடியதால், இது ‘லார்சன் தொடக்கம்’ எனப்படுகிறது.

இதனால் என்ன பயன்? சிப்பாய் விட்டுச்சென்ற கட்டத்தில் மந்திரி வந்து அமர்கிறது. அங்கிருந்து எதிர்மூலை வரை நீளும் மூலைவிட்டம், நடுக்கட்டங்களில் இரண்டின் வழியே செல்கிறது. நடுவில் காலூன்றாமலே அதைத் தொலைவிலிருந்து தாக்கலாம் என்பதே இதன் தத்துவம்.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. நடுவைப் பிடித்த எதிரியின் சிப்பாய்கள் முன்னேறி நம் காய்களை விரட்டக்கூடும்.

1970இல் பெல்கிரேடு நகரில் சோவியத் அணியும் பிற நாடுகளின் அணியும் மோதின. அன்றைய உலகச் சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கிக்கு எதிராக லார்சன் இத்தொடக்கத்தை ஆடினார். நான்காம் நகர்த்தலில் ராஜாப் பக்கக் குதிரையை வெளியே கொண்டுவந்தார். உடனே கறுப்பின் நடுச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறி அதை விரட்டியது. அக்குதிரை மேலும் இரு முறை நகர்ந்து, ஒரு கறுப்புக் குதிரையை வெட்டித் தானும் வெட்டுப்பட்டது. அதற்குள் கறுப்பு மந்திரிகளுக்கு வழி திறந்துவிட்டது. லார்சனின் ராஜாவோ கடைசிவரை கோட்டை கட்டவில்லை. ஸ்பாஸ்கி ஒரு குதிரையையும் யானையையும் பலிகொடுத்து, 17ஆம் நகர்த்தலிலேயே வென்றார்.

அப்படியானால் இத்தொடக்கமே தவறானதா? இல்லை. அதே ஆண்டில் புவனோஸ் அயர்ஸ் நகரில் அமெரிக்க வீரர் பாபி ஃபிஷர், சோவியத் வீரர் துக்மாகோவுக்கு எதிராக இதையே ஆடினார். இரு ஆட்டங்களிலும் முதல் மூன்று நகர்த்தல்கள் ஒன்றே. நான்காவதில் ஃபிஷர் குதிரையைத் தொடவில்லை; ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். கறுப்புச் சிப்பாய் முன்னேறினாலும் விரட்டுவதற்கு அங்கே குதிரை இல்லை. ஃபிஷர் வென்றார்.

நடுவை எதிரிக்கு விட்டுக்கொடுப்பவர் தம் நகர்த்தல்களை வீணாக்கக் கூடாது என்பதே இவ்விரு ஆட்டங்களும் தரும் பாடம். நீங்களும் பலகையை எடுத்து, நான்காம் நகர்த்தலை இரு வழியிலும் ஆடிப் பாருங்கள்.