பல்லி நக்கும் கட்டை

மாலையில் பெட்டிக்குள் தண்ணீர் தெளித்ததும் கிரெஸ்டட் கெக்கோ விழித்துக்கொள்ளும். நடுவே சாய்த்து வைத்த கிளையில் முத்து முத்தாக நிற்கும் துளிகளை நக்கிக் குடிக்கும். இந்தப் பல்லிக்கு அசையும் இமை கிடையாது. கண்ணில் தூசு விழுந்தால் அதே நாக்கால்தான் துடைத்துக்கொள்ளும். கட்டையில் எது ஒட்டியிருந்தாலும் அது வயிற்றுக்கும் போகும், கண்ணுக்கும் போகும்.

தென் பசிபிக்கில் பிரான்ஸ் வசமுள்ள நியூ கலிடோனியா இதன் தாயகம். 1866-ல் விவரிக்கப்பட்ட இந்தப் பல்லி அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள்; 1994-ல் மறுபடி கண்ணில் பட்டது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்பவர்கள் ஏராளம். அது வாழும் தீவுகளில் ஒன்றின் பெயர் பைன் தீவு. ஆனால் அதன் பெட்டியில் பைன் கட்டை வைக்கக் கூடாது என்பார்கள்! தீவில் நிற்பது அசல் பைன் அல்ல, நம் ஊர்த் தோட்டங்களில் கிறிஸ்துமஸ் மரமாக வளர்க்கிறார்களே, அந்த அரோகேரியா இனம்.

பைன், சீடர் இரண்டிலும் பிசின் வாடை தூக்கலாக இருக்கும். மூடிய ஈரப் பெட்டியில் அந்த ஆவி பிராணிக்கு ஆகாது. முறுக்கிக்கொண்டு அழகு காட்டும் திராட்சைக் கொடியோ ஈரத்தில் சீக்கிரம் பூசணம் பிடித்து இற்றுப்போகும். கடையில் கண்ணைப் பறிப்பது அதுதான் என்பது வேறு விஷயம். நம்பி வாங்கலாம் என்றால் தக்கைப் பட்டை. போர்ச்சுகலில் 9 ஆண்டுக்கு ஒருமுறை ஓக் மரத்திலிருந்து உரிக்கிறார்கள். மெழுகு போன்ற ஒரு பொருள் அதில் ஊறியிருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது. மற்றபடி நம் தச்சர்கள் சொல்வதுதான்: வைரம் பாய்ந்த கட்டை தாங்கும், வெளிறு உளுக்கும்.

வெளியே பொறுக்கிய கட்டை என்றால் வேலை அதிகம். மருந்து தெளித்த தோப்பு, புகை படிந்த சாலையோரம் இரண்டையும் விட்டுவிட வேண்டும். கடற்கரைக் கட்டையில் உப்பு ஏறியிருக்கும், வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்தால்தான் இறங்கும். பட்டை தளர்ந்திருந்தால் உரித்து, பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சோப்பு மட்டும் கூடாது. மரம் அதை உறிஞ்சிக்கொண்டு பிறகு கக்கும்.

அடுத்தது வேகவைப்பது. அண்டாவில் போட்டால் கட்டை மிதக்கும், மேலே கல் ஏற்றி அமுக்க வேண்டியிருக்கும். சிறிது நேரத்தில் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். மரத்தின் டானின் அது. கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் மறுபடி கொதிக்கவிட்டால் நிறம் வெளிறும். பொந்துக்குள் பதுங்கியிருந்த எறும்பும் வண்டும் அப்போது செத்து மிதக்கும்.

எவ்வளவு நேரம்? கப்பலில் ஏறும் மரப்பெட்டிகளுக்கு உலகெங்கும் ஒரு விதி உண்டு. கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் இருக்க வேண்டும், பூச்சி சாக அது போதும். மரத்துக்குள் சூடு மெதுவாகத்தான் இறங்கும். விரல் தடிமன் குச்சிக்கு அரை மணி நேரம் போதும் என்றால், மணிக்கட்டுத் தடிமனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வேகவைக்காமல் மின் அடுப்பில் (ஓவன்) வைத்துச் சூடாக்குபவர்கள் பக்கத்திலேயே நிற்பது நல்லது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், உள்ளிருந்து பற்றிக்கொள்ளும்.

இத்தனையும் செய்து, நன்றாகக் காயவைத்து, பெட்டிக்குள் வைத்த இரண்டாம் வாரம் கட்டையில் வெள்ளைப் பஞ்சு பூத்திருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் அலறிப்போய்த் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். காற்றில் வந்த பூசணம், மரத்தில் மிச்சமிருந்த சர்க்கரையைத் தின்கிறது. அது தீர்ந்ததும் அடங்கும். இரவு 80 சதவீத ஈரம் இருந்தாலும் பகலில் 50, 60-க்கு இறங்கும்படி காற்று விட வேண்டும். விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற கட்டையை மட்டும்தான் எடுத்துவிட வேண்டும்.

பழகியவர்கள் ஸ்பிரிங்டெயில் வளர்க்கிறார்கள். எள்ளைவிடச் சிறிய, பூசணம் தின்னும் உயிர். அடுப்புக்கரி போட்ட டப்பாவில் பெருகும். தண்ணீர் ஊற்றினால் வெள்ளைப் பொடி மாதிரி மேலே மிதந்து வரும், அப்படியே கட்டையின் அடியில் சாய்த்துவிடுவார்கள்.