பழைய சாணைச் சக்கரம்: ஒலியும் முகவரியும்

சிறு பட்டறை தொடங்கும் வாடிக்கையாளர்கள் பலர், முதலீட்டைக் குறைக்கப் பழைய எந்திரங்களை நாடுகின்றனர். அதில் தவறில்லை. பழைய பெஞ்ச் கிரைண்டரின் மோட்டார் இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடும். ஆனால் அதனுடன் வரும் சாணைச் சக்கரத்தை அதே நம்பிக்கையோடு ஏற்கலாகாது.

நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இத்தகைய மோட்டார் பெரும்பாலும் நிமிடத்துக்குச் சுமார் 2,850 முறை சுழலும். அப்போது 200 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. விரிசலுற்ற சக்கரம் அவ்வேகத்தில் சிதறினால், எதிரே நிற்பவரின் கண்ணுக்கும் உயிருக்குமே ஆபத்து.

முதலில் சக்கரத்தின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள வட்டத் தாளைப் படிக்க வேண்டும். ‘ஏ 60 கே 5 வி’ என்றிருப்பதாகக் கொள்வோம். ‘ஏ’ அலுமினியம் ஆக்சைடைக் குறிக்கும். அது எஃகுக்கு உரியது. அவ்விடத்தில் ‘சி’ இருந்தால் சிலிக்கன் கார்பைடு. அது வார்ப்பிரும்பு போன்றவற்றுக்கு உரியது. 60 மணிகளின் நுண்மை, ‘கே’ கடினம், 5 மணிகளின் நெருக்கம், ‘வி’ பீங்கான் பிணைப்பு. தாளில் குறித்த உச்ச வேகம், மோட்டாரின் வேகத்துக்குக் குறையாதிருத்தல் கட்டாயம்.

அடுத்தது ஒலிச் சோதனை. மின் இணைப்பைத் துண்டித்து, சக்கரத்தைக் கழற்றி, தூசு நீக்கி, உலர்ந்த நிலையில் துளையில் விரல் கொடுத்துத் தொங்கவிட வேண்டும். செங்குத்துக் கோட்டின் இருபுறமும் 45 பாகையில், விளிம்பிலிருந்து 25 முதல் 50 மி.மீ. உள்ளே, திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். பின்பு சக்கரத்தை 45 பாகை திருப்பி மீண்டும் தட்ட வேண்டும். பீங்கான் பிணைப்புச் சக்கரம் மணிபோல் ஒலித்தால் நன்று. மொத்தென்ற ஓசை விரிசலின் அடையாளம். ‘பி’ எனும் ரெசின் பிணைப்புச் சக்கரம் இயல்பாகவே மந்தமாக ஒலிக்கும். அங்கே செவியை மட்டும் நம்பலாகாது.

தாள் உரிந்துபோன சக்கரம் எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் அதனை விலக்குவதே முறை. ஒலி விரிசலைக் காட்டும். தாங்கும் வேகத்தைக் காட்டாது. ஆவணமில்லாத மனையை மலிவென்று நாம் வாங்குவதில்லை அன்றோ? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், சக்கரத்தின் பாதுகாப்பான உச்ச வேகத்தை எந்திரத்தின் அருகே எழுதிவைக்கப் பணித்தது.

தேறிய சக்கரத்தைப் பொருத்தியபின், தாங்குமேடைக்கும் சக்கரத்துக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி ஆகாது. காப்புறை மூடி, கண்ணாடி அணிந்து, ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்ட பின்னரே வேலையைத் தொடங்கலாம்.

எந்திரம் பழையதாக இருக்கட்டும். ஐயத்துக்குரிய சக்கரங்களுக்கு மாற்றாகப் புதியன இரண்டு வாங்கும் செலவையும் உங்கள் திட்ட மதிப்பீட்டில் இப்போதே சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.