'புதுப்பி' பொத்தானுக்குப் பதில் சொல்வது யார்?

வலைப்பக்கம் ஒன்றில் 'புதுப்பி' பொத்தானை அழுத்துகிறீர்கள். வந்தது உண்மையிலேயே புதிய பக்கமா?

1990களின் பிற்பாதியில் சிங்கப்பூரில் இது நியாயமான ஐயம். 1996 ஜூலையில் சிங்கப்பூர் ஒலிபரப்பு ஆணையம் இணையத்துக்கு உரிம முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் சிங்நெட், பசிஃபிக் இன்டர்நெட், சைபர்வே நிறுவனங்களின் வீட்டுச் சந்தாதாரர்கள் 'பிராக்ஸி' எனும் இடைக்கணினி வழியாகவே வலைக்குள் சென்றனர். சில தளங்களைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் பிராக்ஸிக்கு இன்னொரு திறமையும் உண்டு: ஒருவர் கேட்ட பக்கத்தின் நகலைச் சேமித்து அடுத்தவருக்குக் கொடுக்கும். பெரும்பாலான தளங்கள் அமெரிக்காவில் இருந்த காலம். பசிஃபிக்கைக் கடக்கும் இணைப்போ விலை கூடியது.

நகல் எத்தனை நாள் தாங்கும்? புகழ்பெற்ற 'ஸ்குவிட்' பிராக்ஸி மென்பொருளின் கணக்கு சுவையானது. பக்கத்தில் காலாவதி நேரம் இல்லையென்றால், நகலெடுத்தபோது அது கடைசியாக மாற்றப்பட்டு எத்தனை நாளாகியிருந்தது என்று பார்க்கும். வழக்கமான அமைப்பில், அந்த வயதில் 20 விழுக்காட்டுக் காலம்வரை நகலை நம்பும். அதிகபட்சம் 3 நாள். 10 நாளாக மாறாதிருந்த பக்கம் 2 நாளுக்குச் செல்லும். நெடுநாள் மாறாதது நாளையும் மாறாது என்ற ஊகம்தான், வேறொன்றுமில்லை.

புதுப்பிக்கும் கட்டளை இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். "நகல் வேண்டாம், மூலத்திலிருந்தே கொண்டு வா" என்று உலாவி சொன்னால், பிராக்ஸி எல்லாவற்றையும் மீண்டும் இறக்கவேண்டும். மாறாத படங்களும் அதில் அடங்கும். பொறுமையிழந்த ஆயிரம் பேர் அழுத்தினால் சேமிப்பின் பயனே போய்விடும்.

ஸ்குவிட்டின் அமைப்புக் கோப்பில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'இக்னோர்-ரீலோட்': கட்டளையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பழைய நகலையே நீட்டுவது. மற்றொன்று 'ரீலோட்-இன்ட்டு-ஐஎம்எஸ்': கட்டளையைக் கேள்வியாக மாற்றி, "இந்தத் தேதிக்குப் பின் மாறியதா?" என்று மூலத்தளத்தை விசாரிப்பது. மாறவில்லையென்றால் '304' என்ற சிறு பதில் மட்டும் வரும்; நகலே போதும். மாறியிருந்தால் முழுப்பக்கமும் வரும். இரண்டுமே எச்டிடிபி விதிகளை மீறுபவை என்று ஸ்குவிட் ஆவணமே எச்சரிக்கிறது.

ஆனால் இரண்டும் சமமான மீறல் அல்ல. ஊருக்குப் பணம் அனுப்ப சிராங்கூன் சாலைக்குக் கிளம்புமுன் ரூபாய் மாற்று விகிதத்தைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் வழியில் காலை விகிதமே மாலையிலும் தெரியலாம்; எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை, ஏமாற்றப்பட்டதும் தெரியாது. இரண்டாம் வழியில், மூலத்தளம் திருத்தத் தேதியை ஒழுங்காகச் சொல்லும்வரை, சரியான விகிதம் வரும். முதல் வழியை நிறுவனச் சின்னம் போன்ற படங்களோடு நிறுத்திக்கொள்வதே முறை.

இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் பூட்டுடன் வருவதால், வழியிலுள்ள பிராக்ஸியால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. நகல் உங்கள் உலாவியிலோ, தளத்தின் உரிமையாளர் அமர்த்திய முன்சேவையகத்திலோதான் இருக்கும். உலாவியின் நகலைத் தாண்ட, கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். முன்சேவையகம் அதற்கு இணங்குமா என்பது அந்தத் தளத்தார் எழுதிய அமைப்பைப் பொறுத்தது.